புதிய இசைத்தட்டும் புள்ளியிடுவோரும்

பாட்டைக் கேட்டு மகிழ்பவர் பலர். கேட்ட பாட்டு நன்று, தீது எனக் காரணங் காட்டி எழுதுபவர் மிகச் சிலர். ஆயினும், அச் சிலர் எழுதியதைப் படித்த பின்னரே எதனைக் கேட்பது, எதனை விலைகொடுத்து வாங்குவது என்று முடிவு செய்வோர் மேலைநாடுகளில் நெடுங்காலமாக இருந்துவருகின்றனர். ஒருவர் பல ஆண்டு பாடுபட்டு ஆக்கிய இசையின் வாழ்வையும் தாழ்வையும், அதனைச் சில முறை கேட்ட மற்றொருவரின் பேனா தீர்மானிப்பது எவ்வாறு? அந்த வலிமை நேர்மையாகப் பயன்பட்டதா? விமர்சனத்தைப் படிப்பவர் அதிலிருந்து எதனைக் கொள்ளவேண்டும், எதனைத் தள்ளவேண்டும்? 'மாற்றிசை' என்றும் 'இண்டி இசை' என்றும் பெயர்பெற்ற இசைத் தொகுதிகளின் வரலாற்றைக் கொண்டு இவ் வினாக்களை ஆராய்வது பயனுடையதாகும்.

முதற்கண், இப் பெயர்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். 'இண்டி' என்பது சுதந்திரமானது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகும். மேலைநாட்டு இசைத்தட்டு வணிகம் நெடுங்காலம் ஒரு சில பெரிய நிறுவனங்களின் கைக்குள்ளேயே அடங்கியிருந்தது. பாடகரைத் தெரிவு செய்வோரும், ஒலிப்பதிவுக்குப் பணங் கொடுப்போரும், தட்டை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்புவோரும், அதனை வானொலியில் ஒலிக்கச் செய்வோரும் அவர்களே. இந்த ஏற்பாட்டிற்கு வெளியே நின்று, தாமே தட்டுகளை வெளியிட முனைந்த சிறு குழுவினராலும் சிறு நிறுவனங்களாலும் வளர்ந்ததே இண்டி இசை. 1977ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தைச் சேர்ந்த 'பஸ்கொக்ஸ்' என்னும் குழுவினர், உற்றாரிடமும் நண்பரிடமும் ஏறத்தாழ 500 பவுண் கடன் வாங்கி, நான்கு பாட்டுகள் அடங்கிய சிறு தட்டொன்றைத் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டில், மேற்கு இலண்டனில் ஜெஃப் டிராவிஸ் என்பவர் 'றஃப் டிரேட்' என்னும் கடையைத் திறந்திருந்தார். இத்தகைய தட்டுகளை விற்பதற்கும், பின்னர் அவற்றை நாடெங்கும் அனுப்புவதற்கும் அக் கடை நிலைக்களமாயிற்று. 1980ஆம் ஆண்டு ஜனவரியில், சுதந்திர நிறுவனங்களின் தட்டுகளுக்கெனத் தனியான விற்பனை வரிசையொன்றும் பிரித்தானியாவில் வெளிவரத் தொடங்கியது.

அமெரிக்காவிலே பல்கலைக்கழக மாணவர் நடத்திய சிறு வானொலி நிலையங்கள் இத்தகைய இசைக்கு இடமளித்தன. பெரிய நிலையங்கள் ஒலிபரப்பாத இசை என்ற பொருளில் 'மாற்றிசை' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 'நிர்வாணா' என்ற குழுவினர் 1991இல் வெளியிட்ட 'நெவர்மைண்ட்' என்னும் தொகுதி, 1992ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்கல் ஜாக்சனின் தொகுதியை அகற்றிவிட்டு விற்பனை வரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. அதனை வெளியிட்டது பெரிய நிறுவனமொன்றே. அதன்பின் 'மாற்று' என்ற சொல்லும் கடையில் ஒட்டும் பெயர்ச்சீட்டு ஆகிவிட்டது. எனினும், பெரும் பணமின்றித் தம் விருப்பப்படி இசையாக்குவோரின் மரபு இன்றும் தொடர்கின்றது.

இம் மரபினருக்கு விமர்சகர் இன்றியமையாதவராயினர். பெரிய நிறுவனத்தின் பாடகருக்கு விளம்பரம் உண்டு; வானொலி உண்டு; தொலைக்காட்சி உண்டு. ஆதலின், விமர்சகர் பழித்தாலும் அவருடைய தட்டு விற்பனையாகும். சிறு நிறுவனத்தின் பாடகருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் ஒரு தட்டை வெளியிட்டார் என்னும் செய்தியே விமர்சகரின் வாயிலாகத்தான் ஊராருக்குத் தெரியவரும். பெரிய மரத்தை அசைக்கவும் மாட்டாத காற்று சிறு செடியை வேரோடு சாய்த்துவிடுவது போல, ஒரே விமர்சனம் இருவர்பாலும் இருவேறு விளைவுகளை உண்டாக்குகின்றது.

இவ் விமர்சனத் துறையின் வளர்ச்சியும் அறியத்தக்கது. 1967ஆம் ஆண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 'றோலிங் ஸ்டோன்' என்னும் சஞ்சிகை தோன்றியது. றொக் இசையைக் கருத்தூன்றி ஆராயத்தக்க கலையெனக் கொண்டு எழுதும் வழக்கம் அக் காலத்திலேயே வேரூன்றியது. 1969இல் நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் றொபேட் கிறிஸ்ட்கவ் என்பவர், ஒவ்வொரு தொகுதிக்கும் சில வரிகளில் குறிப்பெழுதி, பாடசாலை ஆசிரியர் விடைத்தாளுக்கு இடுவது போல ஆங்கில எழுத்துகளால் தரமிடும் முறையைத் தொடங்கினார். ஒரு தொகுதியைப் பன்முறை கேட்ட பின்னரே தரமிடுவது அவர் வழக்கம். பின்னர், 1996ஆம் ஆண்டளவில், மினியாபொலிஸ் நகரப் பகுதியில் பாடசாலைக் கல்வியை அண்மையில் முடித்திருந்த றையன் ஷ்றைபர் என்னும் இளைஞர் 'பிச்ஃபோர்க்' என்ற இணையத்தளத்தை ஆரம்பித்தார். பத்துக்கு இத்தனை என்று, தசமதானத்தோடு புள்ளியிடுவது அத் தளத்தின் தனிவழக்கமாயிற்று. 0.0 தொடங்கி 10.0 வரையில் எண்ணினால் 101 படிகள் உண்டு. ஒரு பாடகரின் உள்ளத்தை இத்துணை நுட்பமாக அளக்கவல்ல தராசு எங்கே உள்ளது என்று கேட்போர் அன்றும் இருந்தனர். ஆயினும், புள்ளியின் கவர்ச்சி பெரிது. நீண்ட கட்டுரையைப் படிக்க நேரமில்லாதவரும் எண்ணை ஒரு கணத்திற் பார்த்துவிடுகின்றார் அன்றோ?

அவ்வெண்ணின் ஆற்றலை விளக்க 2004ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து நிகழ்ச்சிகள் இரண்டு போதும்.

கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த 'ஆர்கேட் ஃபயர்' என்னும் குழுவினர் அம் மாதத்தில் தமது முதலாவது முழுத் தொகுதியை வெளியிட்டனர். ஒலிப்பதிவு நடந்த காலத்தில் குழுவினரின் குடும்பங்களிற் சிலர் அடுத்தடுத்து மறைந்தமையால், மரணச்சடங்கு எனப் பொருள்படும் 'ஃபியூனரல்' என்ற பெயரையே அதற்குச் சூட்டினர். வெளியிட்டது வட கரோலினா மாநிலத்தின் 'மேர்ஜ்' என்னும் சிறு நிறுவனம். பிச்ஃபோர்க் அதற்கு 9.7 புள்ளி அளித்துப் பாராட்டியது. கடைகள் கேட்ட அளவுக்கு இறுவட்டுகளை அனுப்ப இயலாமல் அந் நிறுவனம் இடருற்றது. அக் குழுவினரே 2011இல் அமெரிக்காவின் கிராமி விருதுகளுள் ஆண்டின் சிறந்த தொகுதிக்குரிய விருதையும், பிறிதொரு தொகுதிக்காகப் பெற்றனர்.

அதே மாதத்தில், வொஷிங்டன் நகரைச் சேர்ந்த டிராவிஸ் மொறிசன் என்பவர் 'டிராவிஸ்தான்' என்னும் தொகுதியை வெளியிட்டார். இவர் முன்பு 'டிஸ்மெம்பர்மென்ட் பிளான்' என்ற குழுவின் தலைமைப் பாடகராயிருந்தவர். அக் குழுவின் 1999ஆம் ஆண்டுத் தொகுதியொன்றுக்கு இதே பிச்ஃபோர்க் 9.6 புள்ளி வழங்கியிருந்தது. ஆனால், தனித்து நின்று அவர் ஆக்கிய 'டிராவிஸ்தான்' பெற்ற புள்ளி 0.0. பத்துக்கு ஒரு பங்கேனும் இல்லை. மாணவர் வானொலிகளிற் சில அதனை ஒலிபரப்பத் தயங்கின. அதுவரை தம்மை அன்போடு வரவேற்ற சபையினர் ஓரிரவிலேயே மாறிவிட்டனர் என்று மொறிசனே பின்னர் கூறினார். 2009இல், இசைத்துறையிலிருந்து விலகுவதாகவும் அவர் அறிவித்தார். எனினும், பழைய குழுவினரோடு 2011இல் மீண்டும் மேடையேறினார்.

ஈண்டுக் கருதத்தக்கது யாதெனில், 'டிராவிஸ்தான்' சிறந்த தொகுதியா அன்றா என்பதன்று. அது குறைபாடுடையது என்றே பலரும் எழுதினர். அவர்கள் கருத்து சரியாகவும் இருக்கலாம். ஆனால், குறைபாடுடையது என்பது வேறு, வெறுமை என்பது வேறு. கட்டுரை எழுதிய மாணவனுக்குப் பத்துக்கு மூன்று கொடுக்கும் ஆசிரியர், எங்கெங்கே தவறினாய் என்று அவனோடு பேசுகின்றார். பூச்சியம் இடுபவரோ, நீ எழுதியதே வீண் என்று பிற மாணவர் கேட்கும்படி அறிவிக்கின்றார். முன்னையது திருத்தம்; பின்னையது தண்டனை. விமர்சகரின் தொழில் திருத்தமும் விளக்கமுமேயன்றித் தண்டனை வழங்குவதன்று.

விமர்சகர் கணிப்புத் தவறிய சந்தர்ப்பங்கள் வேறும் பல உண்டு. 1967ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான 'த வெல்வெற் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ' என்ற தொகுதி, இன்று மாற்றிசை மரபு முழுவதற்கும் ஊற்றுக்கண்ணெனப் போற்றப்படுகின்றது. அன்றோ அதனைப் பற்றிப் பத்திரிகைகள் பெரும்பாலும் வாய்திறக்கவில்லை. அக் காலத்தில் விற்பனை வரிசையில் அது எட்டிய உயர்ந்த இடம் 171. இங்கிலாந்தின் நிக் டிரேக் என்னும் பாடகர் 1969, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றும் அக் காலத்தில் 5,000 பிரதிகள்கூட விற்பனையாகவில்லை என்பர். 1974இல், தமது 26ஆம் வயதில் அவர் காலமானார். 1999இல் அவருடைய பாட்டொன்று மோட்டார்வண்டி விளம்பரமொன்றில் ஒலித்தபோது, அவர் பெயரையே அறியாத புதிய தலைமுறையினர் அவருடைய தொகுதிகளைத் தேடி வாங்கலாயினர். காலங்கடந்து வந்த அப் புகழைக் காண அவர் இருக்கவில்லை.

1996இல் 'வீசர்' குழுவினர் வெளியிட்ட 'பிங்கர்டன்' என்னும் தொகுதியின் கதை இன்னும் வியப்புக்குரியது. அவ்வாண்டின் மிக மோசமான தொகுதிகளுள் ஒன்று என றோலிங் ஸ்டோன் வாசகர் வாக்களித்தனர். அதே சஞ்சிகை 2004இல் அத் தொகுதிக்கு ஐந்து நட்சத்திரங்களையும் வழங்கியது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் தொகுதியின் ஒரு சுரமும் மாறவில்லை. மாறியது கேட்டவரின் செவியே.

இத்தகைய தவறுகள் நேர்வதற்குரிய காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, காலக்குறைவு. தொகுதி வெளியாகும் நாளிலேயே விமர்சனமும் வெளியாக வேண்டும் என்பது பத்திரிகை நியதி. எழுதுபவர் அதற்குள் அதனைச் சில முறையே கேட்டிருப்பார். முதற் கேள்வியிலேயே இனிக்கும் பாட்டுகள் சில. பத்தாம் கேள்வியிலே பொருள் விரிக்கும் பாட்டுகள் சில. பின்னையவற்றிற்கு இந் நியதி பெருந் தீங்கு செய்கின்றது.

இரண்டாவது, முன்னைய படைப்போடு ஒப்பிடும் வழக்கம். மொறிசனுக்கும் வீசர் குழுவினருக்கும் நேர்ந்தது இதுவே. முந்திய தொகுதியைப் போன்றதொன்றை எதிர்பார்த்து அமர்ந்த செவி, வேறொன்று ஒலிக்கக் கேட்டதும் ஏமாற்றமடைந்தது. அந்த ஏமாற்றம் கேட்டவரைச் சார்ந்தது. படைப்பின் குற்றமென அதனை எழுதுவது பொருந்தாது.

மூன்றாவது, விமர்சகர் தம்மையே அளவுகோலாகக் கொள்ளுதல். லிஸ் ஃபெயர் என்னும் அமெரிக்கப் பாடகி 1993இல் வெளியிட்ட முதல் தொகுதி பெரும் பாராட்டைப் பெற்றது. பத்தாண்டு கழித்து, பலரும் எளிதில் விரும்பத்தக்க பொப் இசையை அவர் நாடியபோது, பிச்ஃபோர்க் 0.0 புள்ளி இட்டது. ஒரு தாய், நடுத்தர வயதை எட்டும் பெண், தன் விருப்பப்படி இசையமைக்கும் உரிமை உடையவள் என்பதை அன்றைய இளம் விமர்சகர் எண்ணிப்பார்க்கவில்லை. அவ் விமர்சனத்தை எழுதியவரே 2019இல் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகேனும் தவறை ஒப்புக்கொண்டமை அவர்க்குப் பெருமையே.

நான்காவது, உண்மையை விசாரியாது எழுதுதல். இதற்குச் சான்று ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனிற் பிறந்து, இளமைக் காலத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்திற் கழித்த மாதங்கி அருட்பிரகாசம் என்பவரின் வரலாற்றிலே உண்டு. 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரிற் பாடும் இவர், 2005இல் 'அருளர்' என்று தந்தையாரின் பெயராலும், 2007இல் 'கலா' என்று தாயாரின் பெயராலும் இரு தொகுதிகளைச் சுதந்திர நிறுவனமொன்றின் மூலம் வெளியிட்டார். விமர்சகர் இரண்டையும் போற்றினர். 2007ஆம் ஆண்டின் மிகச் சிறந்த தொகுதி 'கலா' என றோலிங் ஸ்டோன் தெரிவு செய்தது. ஆயினும், முதல் தொகுதியின் இசைச் சிறப்பை 'டிப்லோ' என்னும் ஆடவரான இசைத் தயாரிப்பாளருக்கே உரியதாக்கிப் பலர் எழுதினர். அத் தொகுதியில் அவர் தயாரித்தது ஒரு பாட்டை மாத்திரமே. தமது உழைப்பைப் பிறர்க்கு உரிமையாக்கிய இவ் வழக்கத்தை எம்.ஐ.ஏ. 2007இல் பிச்ஃபோர்க்குக்கு அளித்த பேட்டியிலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். பாராட்டும்கூட அநீதியாகலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தட்டின் உறையிலே அச்சிட்டிருந்த பெயர்களை ஒரு முறை நோக்கியிருந்தால் இத் தவறு நேர்ந்திராது.

இவற்றைக் கொண்டு விமர்சகர் கூட்டமே வேண்டாதது என்று முடிவு கட்டுதல் தகாது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே தோன்றிய 'பிக் ஸ்டார்' என்னும் குழுவினர் 1972இல் வெளியிட்ட முதல் தொகுதியை விமர்சகர் பெரிதும் பாராட்டினர். ஆனால், தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு சீர்குலைந்தமையால், விமர்சனத்தைப் படித்து வாங்கச் சென்றவருக்குத் தட்டுக் கிடைக்கவில்லை. 1973இல் மெம்பிஸ் நகரிற் கூடிய இசை எழுத்தாளர்கள் முன்னிலையில் அக் குழுவினர் பாடினர். கேட்ட எழுத்தாளர்கள் அதனை மறக்கவில்லை. குழு கலைந்து தட்டுகள் அரிதாகிய பின்னரும், அவர்கள் எழுத்திலும் பேச்சிலும் அப் பெயர் வாழ்ந்தது. 1980களில் 'ஆர்.ஈ.எம்.' போன்ற குழுவினர் பிக் ஸ்டாரைத் தமக்கு முன்னோடியெனப் போற்றுமளவுக்கு அந் நினைவு நிலைத்தது. சந்தை கைவிட்டதை விமர்சகர் கைவிடாது காத்த வரலாறு இது. இத்தகைய தொண்டினைப் புள்ளி செய்யமாட்டாது. காரணங் காட்டி எழுதிய எழுத்தே செய்தது.

தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளும் மனமும் விமர்சகருக்கு வேண்டும். 2021ஆம் ஆண்டு அக்டோபரில், தனது இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவையொட்டி, பிச்ஃபோர்க் 19 தொகுதிகளின் புள்ளிகளை மீள்பரிசீலனை செய்தது. லிஸ் ஃபெயரின் 0.0 புள்ளி 6.0 ஆயிற்று. 'டாஃப்ட் பங்க்' குழுவினரின் 2001ஆம் ஆண்டுத் தொகுதி 6.4 இலிருந்து 10க்கு உயர்ந்தது. 'இன்டர்போல்' குழுவினரின் முதல் தொகுதியோ 9.5 இலிருந்து 7.0க்கு இறங்கியது. இதனைச் சிலர் எள்ளி நகையாடினர். பரீட்சை முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் புள்ளியை மாற்றுவதால் மாணவனுக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. எனினும், புள்ளி என்பது கல்லில் எழுதிய எழுத்தன்று, ஒரு காலத்தில் ஒருவர் கொண்ட கருத்தே என்பதை, புள்ளியிட்டவரே ஒப்புக்கொண்டமை நேயர்க்குப் பெரும் பாடமாகும்.

தமிழ் மரபிலும் புதிய படைப்பு சபையின் முன் சோதிக்கப்பட்டே ஏற்கப்பட்டது. ஆனால், அரங்கேற்றத்தில் ஆக்கியோனும் சபையிலே இருந்தான். ஐயம் எழுப்பியவர் முகத்தை நோக்கி விடை கூறும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, எது மிகுதியோ அதனைக் கொள்ளுதல் வேண்டும் என்று வள்ளுவர் காட்டிய நெறியும் இங்கு நினைவுகூரத்தக்கது. அந் நெறியில் ஆராய்ச்சி முன்னது, முடிவு பின்னது. ஆராய்ச்சியை மறைத்து முடிவை மாத்திரம் எண்ணாகக் காட்டுவது அந் நெறிக்கு முரணானது.

விமர்சனத்தின் நிலை இப்பொழுது மற்றொரு திருப்பத்தை அடைந்துள்ளது. 2015இல் பிச்ஃபோர்க்கை விலைக்கு வாங்கிய பெரிய சஞ்சிகை நிறுவனம், 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அதனை ஆடவருக்கான தனது பிறிதொரு சஞ்சிகையோடு இணைப்பதாக அறிவித்தது. ஊழியர் பலர் வேலையிழந்தனர். இதற்கிடையில், இணையத்தின் வழியே பாட்டுகளை வழங்கும் சேவைகள் பெருகிவிட்டன. முன்பு கேட்டதைக் கணக்கிட்டு, அடுத்துக் கேட்கவேண்டியதைக் கணினியே எடுத்து வைக்கின்றது. அது 0.0 புள்ளி இட்டு எவரையும் அவமதிப்பதில்லை. ஆனால், ஏன் இதனைக் கேட்கவேண்டும் என்று ஒரு வார்த்தையும் கூறுவதில்லை. ஒதுக்கப்பட்ட பாட்டு எதற்காக ஒதுக்கப்பட்டது என்பதை அதனை ஆக்கியோனும் அறிவதில்லை. தவறான காரணத்தைக் கூறும் விமர்சகரோடு வாதாடலாம். அவர் பின்னொருநாள் வருந்தவும் கூடும். காரணமே கூறாத கணக்கோடு எவ்வாறு வாதாடுவது?

ஆகவே, புதிய இசைத் தொகுதியொன்றின் விமர்சனத்தைப் படிப்பவர் மூன்று கேள்விகளை மனத்திற் கொள்ளுதல் நன்று. பாட்டிலே என்ன ஒலிக்கின்றது என்பதை எழுதியவர் விளக்கியிருக்கின்றாரா, அன்றித் தமது விருப்பு வெறுப்பை மாத்திரம் கூறியிருக்கின்றாரா? பாடகர் எதனைச் செய்ய முயன்றார் என்பதை உணர்ந்து எழுதினாரா, அன்றித் தாம் எதிர்பார்த்ததைக் காணாத ஏமாற்றத்தை எழுதினாரா? அவர் கூறிய காரணங்களை, தட்டைக் கேட்டுச் சரிபார்க்க முடியுமா? இம் மூன்றிற்கும் தக்க விடை தரும் விமர்சனம், அதன் முடிவு தவறாயினும், கேட்கும் செவியைக் கூர்மையாக்கும். விடை தராத விமர்சனம், அதன் புள்ளி சரியாக அமைந்துவிட்டாலும், எவருக்கும் எதனையும் கற்பிப்பதில்லை.

புள்ளியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுபவர் பிறர் செவியாற் கேட்பவராவர். காரணங்களைப் படித்து, தட்டையும் ஒரு முறைக்கு இரு முறை கேட்டு, விமர்சகரோடு உடன்படவோ மாறுபடவோ துணிபவரே தம் செவியாற் கேட்பவர். கடன் வாங்கித் தட்டு வெளியிட்ட மான்செஸ்டர் இளைஞரின் வழிவந்த இசைக்கு வேண்டுவது அத்தகைய நேயரே.